நாக்கில் நின்ற பூசணி

"மாஸ்டர், தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றான் நெட்டையன், எச்சில் தட்டைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு. "நீங்க ஆக்கிப் போடுறது வயித்துக்குப் போகுது, இல்லேங்கலை. ஆனா அக்கா ஆக்கினது இன்னும் நாக்குலயே நிக்குது."

மாஸ்டர் கையிலிருந்த கரண்டி சட்டியின் விளிம்பில் ஒருமுறை இடித்து நின்றது.

"எந்த அக்கா?"

"என்ன மாஸ்டர், உங்க வீட்டு அக்காதான்."

இரும்புக் குழாய்களை அறுத்து, பற்றவைத்து அனுப்புகிற பட்டறை அது. தகரக் கூரைக்குக் கீழே எண்பது பேர். கூரை முடிகிற மூலையில் கேன்டீன். மாஸ்டர் பதினாறு வருஷமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்கிறார். அதற்கு முன்னால் மூட்டை தூக்கினார், கல் உடைத்தார், சாக்கடை தோண்டினார். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். ஒருவனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏய்’ என்பான், இல்லாவிட்டால் விசிலடிப்பான். அடுப்படிக்கு வந்த பிறகுதான் ‘மாஸ்டர்’ என்று ஆனார். அந்த ஒரு சொல்லைத் தவிர அவருக்குச் சொத்து என்று எதுவும் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தண்ணீர் டிரம்மை நகர்த்தப் போய் வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது. கையில் கட்டு. மூன்று நாள் அசைக்கக் கூடாது. மேனேஜர் போனில், "எண்பது பேரைப் பட்டினி போட முடியுமா? வேற ஆள் பார்க்கிறேன்," என்றார்.

வேற ஆள் என்ற சொல் மாஸ்டருக்கு ஆகவில்லை. வேற ஆள் வந்தால் வந்தவன் போவானா? "எதுக்கு சார், என் வீட்டுக்காரியை அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரி சமையலைப் பற்றி அவருக்கு இருபது வருஷமாக ஓர் அபிப்பிராயம் உண்டு: பசித்தால் சாப்பிடலாம். அந்தத் தைரியத்தில்தான் அனுப்பினார். மூன்று நாள் அதைத் தின்றுவிட்டு, நாலாம் நாள் தன்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று நினைத்திருந்தார்.

இன்று நாலாம் நாள். ஒருவனும் கும்பிடவில்லை.

"பூசணிக்காய்க் குழம்பு மாஸ்டர்," என்றான் நெட்டையன், போகாமல் நின்றுகொண்டு. "திங்கக்கிழமை சாப்பிட்டது. இன்னைக்கு வியாழன். வாயைக் கொப்புளிச்சாலும் போகலை. லேசா ஒரு இனிப்பு, அடிநாக்குல."

"எனக்கும்தான்," என்றார் பின்னால் வந்த வெல்டிங் மேஸ்திரி. "படுத்தாலும் இனிக்குது, எந்திரிச்சாலும் இனிக்குது. தெரியாத்தனமா என் சம்சாரம்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளா வீட்ல எனக்குத் தட்டு வைக்கலை."

வெல்டிங் செய்கிற இருபது பேரும் சொல்லி வைத்த மாதிரி தலையாட்டினார்கள். மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"பூசணிக்காய்ல என்ன போட்ட?"

"எந்தப் பூசணிக்காய்?"

"திங்கக்கிழமை."

"பூசணிக்காய்ல பூசணிக்காய்தான் போட்டேன்."

"நக்கல் வேண்டாம். வேற?"

"வெங்காயம், மிளகாய், உப்பு. ஏன், யாருக்காவது வயித்தால போகுதா?"

"ஒருத்தனுக்கும் போகலை. நாக்குலயே நிக்குதாம்."

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "ம். அங்கயே சொன்னாங்க."

"சொன்னாங்களா? நீ ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

"பொம்பளை வந்து ஆக்கிப் போட்டாளேன்னு மரியாதைக்குச் சொல்லியிருப்பானுங்க."

"இருக்கும்," என்று சட்டையை நாலாக மடித்தாள்.

அந்த ‘இருக்கும்’ மாஸ்டரை என்னமோ செய்தது. ‘இல்லை, நெஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு’ என்று சண்டைக்கு வந்திருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஜெயித்தவர்கள்தான் இப்படி நிதானமாகத் துணி மடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்குக் குழம்பில், யாரும் பார்க்காதபோது, இரண்டு கை சர்க்கரையை அள்ளிப் போட்டார். இனிப்புதானே கேட்கிறார்கள், இந்தா பிடி.

முதல் வாய் வைத்த மேஸ்திரி தட்டைத் தள்ளி வைத்தார். "என்ன மாஸ்டர், குழம்பு வச்சீங்களா, மிட்டாய் காய்ச்சினீங்களா?"

"இனிப்பு நாக்குல நிக்கணும்னீங்களே."

"இது நாக்குல எங்க நிக்குது? தொண்டையைப் பிடிச்சு நெரிக்குது," என்றான் நெட்டையன். "அக்கா இனிப்பு வேற மாஸ்டர். நாம பாட்டுக்கு வேலை பார்த்துக்கிட்டு இருப்போம். அதுவா மெதுவா வந்து எட்டிப் பார்க்கும்."

அவன் அதைச் சொல்லும்போது கண்ணை லேசாக மூடியதை மாஸ்டர் கவனித்து வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை எதிர்த் திசையில் போனார். பழைய ருசி போனால்தானே புது ருசி உட்காரும்? எரித்துவிடுவது என்று முடிவு செய்தார். வழக்கமாகப் போடுகிற மிளகாய்த்தூளைப் போல மூன்று பங்கு. கேன்டீனில் பேச்சு நின்றது. எண்பது பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். புதிதாக வந்த ஆர்டர் அவசரம் என்பதால் வெல்டர்களுக்குச் சாப்பாட்டு நேரமே இருபது நிமிஷம்தான். அதில் பதினைந்து நிமிஷம் தண்ணீர் டிரம்மைச் சுற்றி நின்றார்கள்.

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மிளகாய் அடங்கட்டும்னு காத்திருந்தேன் மாஸ்டர்."

"அடங்கிச்சா?"

"அடங்கிச்சு. அடங்கினதும் பார்த்தா அதுக்குப் பின்னாடி அக்கா குழம்பு அப்படியே நிக்குது. மழை விட்டதும் மலை தெரியுமே, அந்த மாதிரி."

இதில் கஷ்டகாலம், அன்றைக்கென்று மேனேஜரும் கேன்டீனில் சாப்பிட்டிருந்தார். விக்கலுக்கு நடுவே அவர் சொன்னதில் இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, இனி ஒரு புகார் வரக் கூடாது. இரண்டு, வேற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கடைக்குப் போய் ஒரு பூசணிக்காயைத் தோளில் சுமந்து வந்தார். அடுப்படியில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன இது?"

"சாப்பிடணும்போல இருக்கு. திங்கக்கிழமை வச்ச மாதிரியே வை. எதையும் கூட்டாதே, குறைக்காதே."

"நீங்க எதுக்கு இங்க உக்கார்றீங்க?"

"சும்மா. காத்து வருது."

அந்த அடுப்படியில் ஜன்னலே கிடையாது. அவள் பூசணியை நறுக்கினாள். மாஸ்டர் அவள் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எத்தனை மிளகாய், எவ்வளவு உப்பு, எந்தப் பக்கம் கிளறுகிறாள், மூடி எப்போது போடுகிறாள், எல்லாம் பார்த்தார். தோலைச் சீவும்போது பாதியை விட்டுவிட்டாள். வெங்காயத்தை ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாத அளவில் நறுக்கினாள். வேறு ஒருத்தி என்றால் மாஸ்டர் அடுப்படியை விட்டே விரட்டியிருப்பார்.

தட்டில் வந்ததை ஒரு வாய் எடுத்து வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷம். ருசி போய்விட்டது. இன்னொரு வாய். மறுபடியும் மூன்று நிமிஷம். இருபது வருஷமாக எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. பசித்தால் சாப்பிடலாம்.

"எப்படி?" என்றாள்.

குறை சொன்னால் ரகசியம் கைக்கு வராது. மாஸ்டர் மென்று முழுங்கினார். "நல்லாத்தான் இருக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே," என்றாள்.

அப்புறம்தான் மாஸ்டருக்குப் பயம் வந்தது. இருபது பேர் நாக்கில் நிற்கிற ஒன்று தன் நாக்கில் நிற்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? சமையல்காரனுக்கு நாக்கு போவது மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு போவது மாதிரி. பட்டறையில் முதுகு போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். முதல் வாரம் விசாரிக்க வருவார்கள். இரண்டாவது வாரம் அந்த இடத்தில் வேற ஆள் நிற்பான்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்ததும் கம்பவுண்டர் அறைக்குப் போனார். பட்டறையில் கை வெட்டுப்பட்டால் கட்டுப்போடுவது, கண்ணில் பொறி விழுந்தால் எடுப்பது, இதுதான் கம்பவுண்டருக்கு வேலை. நாக்கோடு யாரும் வந்ததில்லை.

"நீட்டுங்க," என்று டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலை. அதான் பிரச்சினை."

"ருசி தெரியலையா?"

"தெரியுது. ஆனா நிக்க மாட்டேங்குது."

"மாஸ்டர், ருசின்னா வரும், போகும். அது என்ன வாடகைக்கா குடியிருக்கும்?"

"மத்தவனுக்கெல்லாம் குடியிருக்கே," என்று எழுந்து வந்துவிட்டார்.

வருகிற வழியில் ஆபீசில் டைப் அடிக்கிற அம்மாளிடம் கேட்டுப் பார்த்தார். போன திங்கட்கிழமை பூசணிக் குழம்பு எப்படி இருந்தது என்று. அந்த அம்மாள் யோசித்தாள். "பூசணியா? ஆமா, சாப்பிட்ட ஞாபகம். உப்பு கொஞ்சம் கம்மி." நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ருசியைப் பற்றி என்ன தெரியும் என்று மாஸ்டர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு வழி தோன்றியது. விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்காரியை எழுப்பி, இருபது பேருக்கு ஆகிற மாதிரி பூசணிக் குழம்பு வைக்கச் சொன்னார்.

"நம்ம வீட்ல ரெண்டு பேர்தானே இருக்கோம்," என்றாள்.

"கேள்வி கேக்காம வை."

அவள் கேள்வி கேட்காமல் வைத்தாள். பாத்திரத்தைத் துணியால் கட்டி, சைக்கிளில் வைத்து, மேடு பள்ளம் பார்த்து உருட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் வெல்டர்களின் பெஞ்சில் அதைத் தன் கையால் பரிமாறினார். அவளேதான் சமைத்தது. அதே கை, அதே உப்பு, அதே அரைகுறையாகச் சீவிய தோல். பேர் மட்டும் தன்னுடையதாகிவிட்டால் போதும்.

நெட்டையன் ஒரு வாய் தின்றான். கூரையைப் பார்த்தான். மாஸ்டர் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார்.

"நல்லாத்தான் முயற்சி பண்ணியிருக்கீங்க," என்றான்.

"முயற்சியா?"

"வருத்தப்படாதீங்க மாஸ்டர். அக்கா பக்கத்துல நிக்க முடியாது. நாக்குல ஏற்கெனவே அவங்க ருசி இருக்கில்ல, வச்சுப் பார்த்தா தெரிஞ்சுபோகுது. இது உங்க கைதான்."

"எப்படிடா சொல்ற, என் கைன்னு?"

"தோலைக்கூட ஒழுங்காச் சீவலையே. அக்கா இப்படிப் பண்ணுவாங்களா?"

மாஸ்டருக்கு வாயைத் திறக்கவும் வழியில்லை, மூடவும் வழியில்லை. இது அவள் வைத்ததுதான் என்று சொன்னால் திருட்டு வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் அவள் செய்த தப்பெல்லாம் தன் தலையில். அப்போதுதான் அந்த யோசனை அவருக்குள் நுழைந்தது. அதே குழம்பு அவள் பரிமாறினால் எட்டு நாள் நிற்கிறது, நான் பரிமாறினால் எட்டு நொடி நிற்கவில்லை. அப்படியானால் இவனுக்கு ருசித்தது குழம்பே இல்லை. இவன் எதற்குக் கண்ணை மூடினான்?

"டேய்," என்றார். "நெஜத்தைச் சொல்லு. உனக்கு ருசிச்சது குழம்பா, ஆளா?"

நெட்டையன் தட்டைக் கீழே வைத்தான்.

"என்ன மாஸ்டர் பேசுறீங்க? அவங்க எனக்கு அக்கா."

"அக்கான்னா அக்கா வீட்டு மாமா நான்தானே. என் சாப்பாடு ஏன்டா நிக்கலை?"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன், என் நாக்கை அறுத்துக் குடுக்கட்டுமா?"

"குடு," என்றார் மாஸ்டர்.

கரண்டி பறந்தது. நெட்டையன் மேல் எறியத்தான் எறிந்தார். பிசகிய மணிக்கட்டு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, அதனால் அது எங்கேயோ போய், அப்போதுதான் உள்ளே வந்த மேனேஜரின் சட்டைப் பையில் குழம்போடு போய் நின்றது.

மேனேஜர் கத்தவில்லை. பையிலிருந்து ஒரு பூசணித் துண்டை எடுத்துக் கீழே போட்டார். "நாளையிலேருந்து அந்தம்மா அடுப்புல நிக்கட்டும்," என்றார். "நீங்க கூடமாட இருங்க. வெல்டருங்க இருபது பேரும் அந்தம்மாதான் வேணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நான்தான் உங்க முகத்துக்காக ரெண்டு நாளா மேசையிலயே வச்சிருந்தேன்."

அன்றைக்கு மாஸ்டர் சைக்கிளை மிதிக்கவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நின்று, வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னார்.

"என் நாக்கு போயிடுச்சு. இனிமே நீதான் மாஸ்டர்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை. "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவள் அடுப்பின் முன்னால் நின்றாள். மாஸ்டர் மூலையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார். அவர் நறுக்கினால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். அதை யாரும் கவனிக்கவில்லை. வரிசையில் வந்த வெல்டர்கள் எல்லாரும் அவளைப் பார்த்து, "அக்கா, இப்பதான் எங்க நாக்குக்கு உயிர் வந்துச்சு," என்றார்கள். அவள் லேசாகத் தலையசைத்து அடுத்த தட்டை வாங்கினாள். அவரை இரண்டு பேர் "ஏய்" என்று கூப்பிட்டார்கள். ஒருவன் விசிலடித்தான். வெங்காயம் நறுக்குகிற வேலையில் ஒரு சௌகரியம், கண்ணைத் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கம்பவுண்டர் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தார்.

"மாஸ்டர், நாளையிலேருந்து வெல்டருங்க இருபது பேருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடுக்கச் சொல்லி உத்தரவு."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? மாஸ்டர் அங்க நிக்கிறாங்க."

"யார்கிட்டயாவது சொல்லணும்ல. நேத்து சாயங்காலம் நெட்டையனுக்குக் குளிர் ஜுரம். டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். அவர் நேரா ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து என்னைத் திட்டுறாரு. புது ஆர்டர் பைப் இருக்கில்ல, அதுல துத்தநாகம் பூசியிருக்கு. பத்தவச்சா வெள்ளைப் புகை வரும். அதை உள்ள இழுத்தா வாயெல்லாம் ஒரே இனிப்பா இருக்குமாம். புகை இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்குமாம்."

மாஸ்டரின் கத்தி நின்றது. "ஆர்டர் எப்ப வந்துச்சு?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம் லாரி வந்துச்சு. போன வாரம் திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு முதல் பைப்பைப் பத்த வச்சாங்க."

"பத்த வச்சவனுக்கு மட்டும்தான் இனிக்குமா?"

"வேற யாருக்கு இனிக்கும்? ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கா? புகையை வெளியே தள்ளுற காத்தாடி போடணும்னாரு டாக்டர். மேனேஜர் சொல்றாரு, ஆர்டர் முடிஞ்சதும் போடலாமாம். அதுவரைக்கும் பாலு. கையெழுத்துப் போடுங்க."

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர் போய்விட்டார். மாஸ்டர் பெட்டியிலிருந்து மெதுவாக எழுந்தார். ஒரு வாரமாகக் குனிந்திருந்த முதுகு ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தது. பதினாறு வருஷத்துப் பெயர் திரும்பிக் கைக்கு வந்துவிட்டது. நாக்கு போகவில்லை. இந்தப் பட்டறையில் உருப்படியான நாக்கு தன்னுடையது ஒன்றுதான். அடுப்பின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்டியா? இருபது பேர் நாக்குல நின்னது உன் சமையலே இல்லை."

அவள் திரும்பவில்லை. சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"தெரியும். முதல் நாள் பத்து மணி டீக்குச் சர்க்கரை போட மறந்துட்டேன். இவ்வளவு இனிப்பா எங்கயும் குடிச்சதில்லைன்னு வெல்டருங்க ரெண்டாவது டம்ளர் கேட்டாங்க. அப்பவே தெரியும். நீங்க உக்கார்ந்து வெங்காயத்தை நறுக்குங்க."